மனுவுக்கு வந்த பதில்

துறைமுகக் காவல் பணியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், சலவைச் சட்டையும் நிமிர்ந்த முதுகுமாகப் பாதுகாப்பு அதிகாரியின் எதிரே உட்கார்ந்தார். பக்கத்தில் மகள்.

"துறைமுகத்துக்கு எதிர்லயே வெளிநாட்டுக் கம்பெனி கிடங்கு. போர்க்கப்பல் எப்ப வருது, காவல் எப்ப மாறுதுன்னு அவங்க வாட்ச்மேனுக்குக் கூடத் தெரிஞ்சிருக்கு. இழுத்து மூடுங்கன்னு மனு குடுத்து ரெண்டு மாசமாச்சு."

"சோதனை போட்டோம் ஐயா. தகவல் எப்படிப் போச்சுன்னும் தெரிஞ்சுது." அதிகாரி தயங்கினார். "உங்க பொண்ணு கொஞ்சம் வெளியில இருக்கட்டுமா?"

"எங்க குடும்பத்துல ஒளிவு மறைவு கிடையாது. அவளே வாசிக்கட்டும்."

அதிகாரி நீட்டியது, அந்தக் கம்பெனியே அரசுக்கு எழுதியிருந்த கடிதம். மகள் உரக்க வாசித்தாள்.

"ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தினமும் எங்கள் வாட்ச்மேனிடம் பேச வருகிறார். கேட்காமலேயே கப்பல் வரும் நேரம், காவல் மாறும் நேரம் எல்லாம் சொல்கிறார். எங்களுக்குப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து அவரை..."

அவள் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தாள்.

"பெருமைக்குச் சொல்லியிருப்பீங்க. வழக்கு வேண்டாம்னு விட்டுட்டோம்" என்றார் அதிகாரி, மேசையைப் பார்த்தபடி. "காவல் மாறுற நேரத்தை மாத்தியாச்சு. புது நேரத்தை உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு உங்க பழைய ஆளுங்களுக்கு உத்தரவு."

பெரியவர் எழுந்தார். மகளின் முகத்தைப் பார்க்காமல், "நீ முன்னால போம்மா" என்றார்.