நடுவில் ஒரு காலிப் பெட்டி

“இது காது குடையற கம்பி இல்லை, தொப்பி ஊசி. துரைசானிங்க தொப்பி பறக்காம கொண்டையோட சேர்த்துக் குத்திக்கிறது. அடுத்தது யாரு?”

ஊசியைக் கொண்டுவந்த பெரியவர் முகம் சுண்டிப்போய் நகர்ந்தார். நிபுணர் அம்மாள் இடது கையால் சீட்டில் ‘தொப்பி ஊசி’ என்று எழுதி, ஊசியில் கட்டித் தட்டில் போட்டார். அந்தக் காலத்துப் பெண்கள் உடுப்போடு போட்டுக்கொண்ட சில்லறைச் சாமான்களுக்கு உரிய பெயர் சொல்ல, அந்த அருங்காட்சியகத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது. பெயர் தெரியாதவர்களை அவர் மனுஷராகவே மதித்ததில்லை.

அடுத்து வந்த அம்மாள் மீன் வலை என்று நினைத்து ஒன்றை நீட்டினாள். “கொண்டை வலை. உங்க வீட்டுல கொண்டைக்குள்ள மீன் வளர்த்தாங்களா?” என்று கேட்டு அவளையும் அனுப்பிவைத்தார்.

மறுநாள் கண்காட்சி. ஊரார் பரணைக் குடைந்து கொண்டுவந்து கொட்டியதில் கூடத்துக் கண்ணாடிப் பெட்டிகள் எல்லாம் நிறைந்துவிட்டன. நட்டநடுவில் இருந்த பெரிய பெட்டி மட்டும் காலி. அதை அவர் தன் அம்மாவின் சுருக்குப்பைக்காக ஒதுக்கி வைத்திருந்தார்.

அம்மா கண்ணை மூடியதும் அந்தப் பையைத் தங்கை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு அறுந்த பேச்சு, அறுந்ததுதான். தங்கைக்குக் குழந்தை பிறந்தபோதுகூட நிபுணர் எட்டிப் பார்க்கவில்லை. கண்காட்சிக்காக வீம்பை விட்டு, உறவுக்காரர் மூலம் பையைக் கேட்டு அனுப்பியிருந்தார். பதிலே இல்லை.

“அடுத்தது!”

ஒரு இளம்பெண் வந்து, துணியில் சுற்றியிருந்ததை மேசைமேல் பிரித்து வைத்தாள். “மேடம், இந்த ஹேண்ட்பேக்...”

“எது ஹேண்ட்பேக்? கயிற்றை இழுத்தா வாய் சுருங்குது பார். சுருக்குப்பை. படிச்ச பொண்ணுதானே நீ?”

“படிச்சிருக்கேன், மேடம்.”

“என்னத்தைப் படிச்சியோ.”

செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கை அளவுதான் இருந்தது. வெல்வெட் தேய்ந்து சாம்பல் பூத்திருந்தது. கோத்த பாசிமணிகளில் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டன. பக்கவாட்டில் பிய்ந்த இடத்தை யாரோ பச்சை நூலால் இழுத்துத் தைத்திருந்தார்கள்.

“பேரு மட்டும்தான் மிச்சம். மத்தபடி குப்பை.”

“கொஞ்சம் நல்லாப் பாருங்க, மேடம்.”

“இதுல பார்க்க என்ன இருக்கு? இந்தத் தையலைப் பாரு, வெல்வெட்டுல போய் சாக்கு தைக்கிற மாதிரி. அதுவும் எல்லாம் எதிர்ப்பக்கமாச் சாஞ்சிருக்கு. இடது கைக்காரி எவளோ. அவ கையில சூடு போடணும்.”

அந்தப் பெண்ணின் முகம் வாடியது. “சின்னப் பிள்ளை யாராவது ஆசையாத் தைச்சிருக்கலாம் இல்லையா?”

“அப்படின்னா அதைப் பெத்தவளுக்குப் போடணும். நல்ல பொருள் பாழாப் போறதைப் பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்தாளே, அவளும் ஒரு பொம்பளையா?”

காது கொடுக்க ஆள் கிடைத்ததும் நிபுணருக்கு மனசு பொங்கிவிட்டது.

“சுருக்குப்பைன்னா எங்கம்மா வெச்சிருந்தாங்களே, அது. இவ்வளவு பெரிசு இருக்கும். கருநீல வெல்வெட். விளக்கு வெளிச்சத்துல ஒவ்வொரு மணியும் தனித்தனியா மின்னும். என் தங்கைன்னு ஒரு மகராசி அதை அமுக்கிட்டா. அதோ, அதுக்காகத்தான் அந்தப் பெட்டியைக் காலியா வெச்சிருக்கேன். அது மட்டும் வந்துட்டா அவ செஞ்சதை எல்லாம் மறந்துட்டு, நானே அவ வீட்டு வாசல்ல போய் நிப்பேன்.”

ஏக்கம் அவருக்கும் இருந்தது, திமிருக்கு அடியில்.

“ரொம்ப வருஷம் ஆயிருக்குமே, மேடம். இப்பவும் அப்படியே இருக்குமா?”

“இருக்கும். நல்ல பொருள் காலத்துக்கும் நிக்கும். ஆயிரம் பை நடுவுல போட்டாலும் கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன், எங்கம்மா பையை!”

சொல்லிவிட்டு, மேசைமேல் கிடந்ததைக் காலடியில் இருந்த குப்பைக் கூடையில் விட்டெறிந்தார்.

அந்தப் பெண் குனிந்து அதை எடுத்தாள். தூசியைத் தட்டி, பழையபடி துணியில் சுற்றினாள்.

“எங்கே கொண்டு போறே?”

“வீட்டுக்கு. அம்மாகிட்டத் திருப்பிக் கொடுத்துடறேன்.”

“உங்கம்மா இதைப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தாளாக்கும்?”

“ஆமா, மேடம். பச்சை நூலைப் பிரிச்சு ஒழுங்காத் தைக்கலாம்னா விடவே மாட்டாங்க. ‘நீ யாருன்னு சொல்லாதே, பையை மட்டும் முன்னால வை, பார்த்ததும் அவளுக்கே தெரியும்’னு சொல்லித்தான் அனுப்பினாங்க.”

“எவளுக்குத் தெரியும்? அப்படி என்ன இருக்கு அந்தப் பாழாப்போன தையல்ல?”

அந்தப் பெண் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“சின்ன வயசுல அதைத் தைச்சது நீங்கதானாம், பெரியம்மா.”