அடக்கு, அடங்கட்டும்

"எழுத்துப் பிழையைப் பாருங்கன்னா, என் தலையெழுத்தையே திருத்தியிருக்காங்க இந்தம்மா!"

தாள்கட்டை மேஜைமேல் வீசினார் உரையாசிரியர். பழைய யோக நூல் ஒன்றுக்கு அவர் எழுதிய விளக்கவுரை மூன்றாம் பதிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

பதிப்பாளர் சிதறிய தாள்களை அடுக்கினார். பக்கத்தில், சிவப்புப் பேனாவை மூடியபடி நின்றாள் மெய்ப்புப் பார்க்கும் பெண்.

"பதினாலு இடம்! 'மூச்சை அடக்கு'ன்னு நான் எழுதினா, 'மூச்சு அடங்கட்டும்'னு மாத்தி வெச்சிருக்கீங்க. இது என்ன ஒற்றுப் பிழையா?"

"இல்ல சார். அடக்குறது வேற, அடங்குறது வேற. குழந்தையை மிரட்டித் தூங்க வைக்க முடியுமா? தட்டிக் கொடுத்தா அதுவே தூங்கிடும். மூச்சும் அப்படித்தானேன்னு..."

"நீங்க எத்தனை வருஷமா பிராணாயாமம் பண்றீங்க?"

"பண்ணினதே இல்ல சார்."

"முப்பது வருஷமா மூக்கைப் பிடிச்சவன் நான். எனக்கே பாடமா?"

"இன்னொண்ணு சார். 'அறுபத்துநாலு எண்ணுகிற வரை மூச்சை விடாதே'ன்னு இருக்கு. 'முடிந்தவரை போதும்'னு ஒரு வரி சேர்த்தா..."

"போதும்மா! இந்தப் புத்தகத்துல ஒண்ணு நான் கை வைக்கணும், இல்ல நீங்க கை வைக்கணும்."

பதிப்பாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தாள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

பதினாலு இடத்திலும் தன் கையாலேயே 'அடக்கு' என்று மறுபடி எழுதிவிட்டுத்தான் உரையாசிரியர் கிளம்பினார்.

மறுநாள் காலை தியானத்தில் மனம் ஒட்டவில்லை. எழுந்துபோய் மூல நூலைப் புரட்டினார்.

அங்கே 'மூச்சு அடங்கும்' என்றுதான் இருந்தது. அதைக் கட்டளையாக்கியது இவர் பேனா. அறுபத்துநாலு என்ற கணக்கும் மூலத்தில் இல்லை. இளவயதில் தன்னால் முடிந்ததை ஊருக்கெல்லாம் விதியாக்கியிருந்தார்.

சாப்பிடக்கூட இல்லை. நேராகப் பதிப்பகத்துக்குப் போனார்.

"அவங்க சொன்னதுதான் சரி. கூப்பிடுங்க, நானே மன்னிப்புக் கேக்கறேன்."

"வரமாட்டாங்க சார். இனிமே இந்தப் புத்தகத்தைத் தொடத் தெம்பில்லைன்னுட்டாங்க."

"நான் பேசினதாலயா?"

பதிப்பாளர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க. நேத்து உங்க முன்னாடி வாயை மூடிக்கிட்டிருந்தது எனக்கே பொறுக்கல. அவங்க வீட்டுக்காரர் உங்க முதல் பதிப்பைப் பார்த்துத்தான் சார் மூச்சுப் பயிற்சி பழகினார். இதயம் பலவீனமான மனுஷன். அறுபத்துநாலை எட்டியே தீருவேன்னு நாளுக்கு நாள் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கார். ஒரு காலையில உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்ல."

உரையாசிரியர் மேஜைமேல் இருந்த தாள்கட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"என்கிட்ட... ஒரு வார்த்தை கேக்கலையே? சட்டையைப் பிடிச்சிருக்கலாமே?"

"பத்திரிகைக்கு எழுதுங்கம்மான்னு நான்கூடச் சொன்னேன். 'அவரும் நம்பித்தானே எழுதியிருக்கார்? விஷயம் தெரிஞ்சா அந்த மனுஷனால அப்புறம் நிம்மதியா மூச்சு விட முடியுமா? எழுத்தை மட்டும் திருத்திடறேன்'னு சொல்லித்தான் சார், இந்த வேலையையே கேட்டு வாங்கினாங்க."