நாற்பத்திரண்டு நோடு

"ராத்திரி பேய் வந்து பிரிச்சு விட்டுட்டுப் போகுதா, லாசரஸ்?"

அப்பாதுரை கேட்டதும் அறையே சிரித்தது. லாசரஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் போட்ட படம் எதிரே கம்ப்யூட்டரில் நின்றது. அதன் கீழே ஒரு வரி: சேராத நோடுகள் நாற்பத்திரண்டு.

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த டிசைன் ஆபீஸ். தொழிற்சாலைக் குழாய்களுக்குப் படம் போட்டுக் கொடுக்கிற வேலை. தொண்ணூற்று நாலில் வரைபலகைகளை எடைக்குப் போட்டுவிட்டு மூன்று கம்ப்யூட்டர் வாங்கினார்கள்.

அதில் ஒரு தொல்லை. குழாயும் வால்வும், குழாயும் குழாயும் சேரும் இடத்தில் ஒரு புள்ளி உண்டு. அதற்கு நோடு என்று பெயர். கண்ணுக்கு ஒட்டினாற்போல இருந்தால் போதாது. அந்தப் புள்ளி சேராவிட்டால் கம்ப்யூட்டருக்கு அது அறுந்த குழாய்தான். சாமான் பட்டியலே தப்பாக வரும்.

"நேத்து சாயங்காலம் நானே சோதிச்சேன் சார். ஒண்ணுகூட இல்ல" என்றார் லாசரஸ்.

"காலைல நாப்பத்திரண்டு. போன வாரம் முப்பது. நல்லா இருக்கே கதை!"

"சத்தியமா சார்..."

"சத்தியத்தையெல்லாம் சர்ச்சுல வெச்சுக்குங்க. பியூலாவைப் பாருங்க. ஆறு மாசம் கோர்ஸ் படிச்ச பொண்ணு. அது படத்துல ஒரு தப்பு வருதா?"

பியூலா தலை குனிந்துகொண்டாள்.

லாசரஸ் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஒரு வாரம் டைம் குடு துரை. அம்பத்திரண்டு வயசுல என்னை எவன் எடுப்பான்?"

இருவரும் பதினைந்து வருஷம் பக்கத்துப் பக்கத்துப் பலகையில் நின்று கோடு போட்டவர்கள். அப்பாதுரை செக்‌ஷன் தலைவர் ஆன பிறகு லாசரஸ் அவரைத் துரை என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அப்பாதுரைக்கு மனசு ஒரு கணம் இளகியது. உடனே இறுக்கிக்கொண்டார். இன்னொரு தரம் படம் தப்பானால் ஆளை அனுப்பிவிடுங்கள் என்று முதலாளி ஜலால் சொல்லிவிட்டிருந்தார். வேண்டியவன் என்று பார்த்தால் நாளைக்கு யார் மதிப்பார்கள்?

"சிநேகிதம் வேற, வேலை வேற. நீங்களாவே ராஜினாமா எழுதிக் குடுத்துடுங்க. அனுப்பிட்டாங்கன்னு பேரு வேணாம்."

லாசரஸ் எழுதினார். அந்தக் கடிதத்திலும் எழுத்துகள் அச்சடித்த மாதிரி இருந்தன.

டீ கொண்டுவந்த சரசு படிக்கட்டையே பார்த்தாள். "இன்னா சார், லாசரஸ் அண்ணன் டீகூட குடிக்காம போய்கினே கீது?"



மத்தியானம் பியூலா உட்கார்ந்து ஒவ்வொரு நோடாகச் சேர்த்தாள். மூன்று மணிக்குத் திரையில் பூஜ்யம் வந்தது.

"பாத்தியாம்மா? கவனம் இருந்தா ஒரு வேலையா இது?" என்ற அப்பாதுரை நாற்காலியை இழுத்துப் போட்டார். "கொஞ்சம் நகரு. ஒரு சின்ன வேலை பாக்கி."

ஒரு குழாய் இன்னொன்றைத் தாண்டிப் போகிற இடத்தில், அடியில் போகிற கோட்டைக் கொஞ்சம் வெட்டி இடைவெளி விட்டார்.

"இப்ப லட்சணமா இல்ல? ரெண்டும் சேரலைன்னு பாத்ததுமே புரியணும். பலகைல நாங்க இப்படித்தான் போடுவோம். இந்தக் காலத்துல எவனுக்குத் தெரியுது?"

பியூலா தயங்கினாள். "சார், வெட்டினா குழாயே ரெண்டாப் போயிடும். வெட்டாமலே இடைவெளி காட்ட இதுல வேற வழி இருக்கு." சோதிக்கிற பொத்தானை மறுபடி அழுத்தினாள்.

சேராத நோடுகள் இரண்டு.

அப்பாதுரை திரையையே பார்த்தார்.

ஒரு வெட்டுக்கு இரண்டு முனை.

தினமும் சாயங்காலம் எல்லோரும் தாம்பரம் வண்டிக்கு ஓடிய பிறகு, அவர் லாசரஸின் படத்தைத் திறப்பார். குறுக்குக் கோடுகள் நிறைந்த படம் அது. நம் காலத்து ஆள் போட்டது, பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு இடமாக வெட்டி அழகு பார்ப்பார். யாரிடமும் சொன்னதில்லை, சொல்கிற அளவுக்குப் பெரிய காரியமாக அவருக்கு அது தோன்றியதே இல்லை. நேற்று மட்டும் இருபத்தொரு இடம்.

ராஜினாமாக் கடிதம் இன்னும் அவர் மேஜைமேல்தான் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு அனகாபுத்தூரில் அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பினால் நாளைக்குக் காலையில் லாசரஸ் வந்துவிடுவார். ஆனால் வந்தவரிடம் என்ன சொல்வது? முதலாளியிடம் என்ன சொல்வது?

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜலால் உள்ளே வந்தார்.

அப்பாதுரையின் விரல்கள் அவசரமாக அந்த இரண்டு நோடுகளையும் சேர்த்தன.

"என்ன அப்பாதுரை, இத்தனை நாளா நடந்த தப்பு யாரால, கண்டுபிடிச்சீங்களா?"

பியூலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாதுரை எழுந்து கடிதத்தை நீட்டினார். "லாசரஸ்தான் சார். ஆள் போனதும் பாருங்க, ஒரு தப்புகூட இல்ல."