இரண்டாம் சுற்றுக்கு வைத்திருந்த ஓட்டு

இருநூறு பேர் நின்ற ஜனாதிபதித் தேர்தலின் முதல் சுற்று முடிவை, தேசம்மாவின் அடுப்படிச் சுவர்த்திரை மேளம் கொட்டி அறிவித்தது. குப்பத்தைக் காப்பாற்றவென்றே நின்ற அவள் புருஷன் பூங்காவனம் மூன்றாமிடம். முதலிரண்டு பேருக்குத்தான் இரண்டாம் சுற்று. ஒருவர், குப்பத்தை இடித்து ராக்கெட் தளம் கட்டப்போகும் அமைச்சர். மற்றவன், அதே குப்பத்தை ஒரே நொடியில் மறைய வைப்பதாக வாக்குக் கொடுத்த மேஜிக்காரன்.

“ஒத்த ஓட்டுல போச்சு. எந்தப் பாவி மேஜிக்காரனுக்குப் போட்டது?” என்றான் பூங்காவனம்.

தேசம்மா கழுவிய மீனையே கழுவினாள். “மொத சுத்து சும்மாதானேன்னு நெனச்சேன்யா. சிரிக்க வச்சான், போட்டேன். ரெண்டாவது சுத்து ஓட்ட ஒனக்குன்னுதான் வச்சிருந்தேன்.”

சுவரில் இரண்டு முகங்கள் வந்து நின்றன. ஒன்றைத் தொட்டு ஓட்டுப் போடாவிட்டால் அடுப்பு பற்றாது.

தட்டை எடுத்துப் போட்டு உட்கார்ந்த பூங்காவனம் சொன்னான்: “பசிக்குது. யாரையாவது தொடு.”