மெழுகு இதயம்

மறுநாள் ஜசிந்தாவுக்கு இதய ஆபரேஷன். டாக்டர் ஊருக்குப் புதியவர், அவள் இன்னும் முகம்கூடப் பார்க்கவில்லை. கடவுள் நடத்துவார் என்ற தெம்பில், கனிந்தே என்ற அந்த ஊரின் புனித பிரான்சிஸ் கோயில் வாசல் கடையில் காணிக்கைக்கு மெழுகு இதயம் ஒன்று வாங்கினாள்.

பக்கத்தில் ஓர் இளைஞன் மெழுகுக் கை ஒன்றை வாங்கிக்கொண்டு கலங்கி நின்றான்.

"கைக்கு என்ன தம்பி?"

"நடுக்கம்மா. நாளைக்கு மட்டுமாவது நிக்கணும்."

"பாரத்தை ஆண்டவர் மேல போடு. நான் போட்டுட்டேன், நிம்மதியா இருக்கேன் பாரு. ஆமா, டாக்டர்கிட்ட காட்டலாம்ல?"

"நானே டாக்டர்தாம்மா. நாளைக்குத்தான் முதல் ஆபரேஷன். ஜசிந்தான்னு ஒரு அம்மாவுக்கு நெஞ்சைத் திறக்கணும்."

ஜசிந்தா கடைக்காரரிடம் இதயத்தைத் திருப்பி நீட்டினாள்.

"இது வேணாம்ப்பா. இவருக்கு இன்னொரு கையும் குடு!"