பத்தாயிரமாவது பயணி

"பத்தாயிரத்துக்கு ஒரு தலை குறைஞ்சா வானமா இடிஞ்சு விழுந்துடும், அர்லீன்?"

மார்ச் மாத நகரசபைக் கூட்டத்தில் ஒரு கவுன்சிலர் இப்படிக் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். டன்வர்த் விமான நிலையத்தின் டிக்கெட் கவுன்டரில் இருபத்திரண்டு வருடமாக நிற்கும் அர்லீனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

வருடத்துக்குப் பத்தாயிரம் பேர் இங்கிருந்து விமானம் ஏறினால் வாஷிங்டனிலிருந்து பெரிய மானியம் வரும். நகரமே நிலையத்தை நடத்திக்கொள்ளலாம். குறைந்தால், ஐம்பது வருடக் குத்தகைக்குக் கேட்டு நிற்கும் தனியார் கம்பெனி கைக்குப் போய்விடும். வேட்டைக்கு வரும் பணக்காரர்களின் சொந்த விமானங்களே அந்தக் கம்பெனிக்குப் போதும். டென்வர் விமானம் நின்றுவிடும். அவள் கணவர் வெர்ன் மாதாமாதம் இதய டாக்டரிடம் போவது அதில்தான். பனிக்காலத்தில் காரில் போனால் ஏழு மணி நேரம்.

இன்று டிசம்பர் முப்பத்தொன்று. பிற்பகல் மூன்று மணி. இதுவரை ஏறியவர்கள் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொரு பேர். கடைசி விமானம். ஒன்பதே ஒன்பது இருக்கை.

"ஒன்பதும் வித்தாச்சா?" வெர்ன் வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"எட்டு நம்ம ஊர் ஆளுங்க. முடிவெட்டுற டுவெய்ன் இந்த வாரத்துல நாலாவது தடவையா ஏறுறான். டென்வர்ல இறங்கி ஒரு காபி, திரும்ப அடுத்த விமானம்."

"அவன் கடையில தலையைக் கொடுத்துட்டுப் பாதி வெட்டோட யாராவது உட்கார்ந்திருக்கப் போறாங்க. ஒன்பதாவது யாரு?"

அவள் கண்ணால் காட்டினாள். ஜன்னலோரம் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். கார்டிங்லி என்று பெயர். வெளியூர்க்காரர். போன வாரமே டிக்கெட் எடுத்திருந்தார்.

"அவர் வரலைன்னா நான் ஏறிக்கலாம்னு பையோட வந்தேன்."

"அதான் வந்துட்டாரே. நீங்க வீட்டுக்குப் போங்க. நெஞ்சைத் தடவிக்கிட்டு இங்க குறுக்கும் நெடுக்கும் நடந்தா எனக்கு எண்ணிக்கையே தப்பிடும்."

"நீ காலையிலேருந்தே பத்துத் தடவை எண்ணியாச்சு," என்று சொல்லிவிட்டு வெர்ன் கிளம்பினார்.

அர்லீனால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. காபியும் வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பு ரொட்டியும் எடுத்துக்கொண்டு கார்டிங்லியிடம் போனாள்.

"எதுக்கு மேடம் இவ்வளவு பதற்றம்?" என்றார் அவர்.

அவ்வளவுதான். அவள் மடைதிறந்த மாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"டிக்கெட் வித்தாலே எண்ணிக்கையில சேர்ந்துடுமில்ல?"

"இல்ல சார். ஆள் உள்ளே ஏறி, விமானம் கிளம்பணும்."

"அப்போ நான்தான் பத்தாயிரமாவது ஆள்னு சொல்லுங்க."

"நீங்கதான் சார்." எவ்வளவு பொறுமையான மனுஷர்.

பாதுகாப்புச் சோதனை முடிந்தது. எட்டுப் பேர் பனியில் நடந்து போய் ஏறினார்கள். கார்டிங்லி மட்டும் கழிப்பறைப் பக்கம் திரும்பினார். "இதோ வந்துடறேன் மேடம்."

சோதனை முடித்து உள்ளே வந்தவரின் இருக்கை, விமானக் கதவு மூடும்வரை அவருக்குத்தான். வேறு யாரையும் ஏற்ற முடியாது.

"காத்து திரும்புது அர்லீன்," என்றான் பைலட். "அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல தாங்காது."

அவள் கழிப்பறைக் கதவைத் தட்டினாள். "சார்?"

"வந்துட்டேன், வந்துட்டேன்."

மூன்று நிமிடம் கழித்துத் தட்டினாள். "வந்துட்டேன் மேடம்." நான்காவது நிமிடம் இரண்டு கையாலும் தட்டினாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே விமானம் உறுமியது. ஓடுபாதையில் ஓடி, மேகத்துக்குள் போய் மறைந்தது.

கார்டிங்லி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். அர்லீனுக்கு அழுகை முட்டியது. ஆனால் வயிற்றுக் கோளாறுக்கு யார் என்ன செய்ய முடியும்? வருகிறவரை முகம் கோணாமல் அனுப்புவதுதான் இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

"உடம்பு முடியலையா சார்? நான் கொடுத்த ரொட்டி ஒத்துக்கலையோ என்னவோ. பரவாயில்ல, நாளைக் காலை விமானத்துல உங்களுக்கு இடம் போட்டுத் தர்றேன்."

கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தட்டினாள்.

நாளைக் காலை விமானத்தில் அவர் பெயர் ஏற்கெனவே இருந்தது. போன வாரம், இன்றைய டிக்கெட்டை எடுத்த அதே நிமிடத்தில் எடுத்தது. இரண்டுக்கும் பணம் கட்டியிருந்தது, குத்தகைக்குக் கேட்டு நிற்கும் அந்தக் கம்பெனி.

அர்லீன் தலை நிமிர்ந்தாள். கார்டிங்லி கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.