கடைசி ஆணியில் தொங்கும் கத்தி

மார்ச் மாத வெயில் படகுக் கொட்டகையின் ஒற்றைச் சன்னல் வழியே சாய்ந்து, சுவரில் மாட்டியிருக்கும் பதினேழு கத்திகளின் மேல் விழுகிறது. எல்லாம் மீனின் முள்ளிலிருந்து சதையைப் பிரித்தெடுக்கும், மெல்லிய, வளைந்துகொடுக்கும் கத்திகள். லோஃபோட்டன் தீவுகளில் துறைமுகம் துறைமுகமாக அலைந்து இங்வால்ட் சேர்த்தவை. கடைசி ஆணியில் தொங்குவது மட்டும் அவர் தேடி வாங்கியதல்ல. அவர் மனைவி டோருன் முப்பது வருடம் தீட்டித் தீட்டி விரல் அகலத்துக்குத் தேய்ந்துபோனது. அவள் இறந்தபின் இந்த நான்கு வருடத்தில் அதை யாரும் தொட்டதில்லை. மேசையில் காலையில் பிடித்த காட் மீன்கள் ஈரத்தில் மின்னுகின்றன. டோருன்னின் தங்கை போர்கில்ட் கம்பளிச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டுக்கொள்கிறாள். "இத்தனையும் மாட்டி வச்சு அழகு பாக்குறீங்களே அத்தான், மீன் தானா வெட்டிக்குமா?" என்றபடி அந்தக் கடைசிக் கத்தியையே எடுக்கிறாள். "ஏய், அது வேணாம்..." இங்வால்டின் குரல் பாதியில் நிற்கிறது. அதற்குள் கத்தி செவுளுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. முதுகெலும்பை ஒட்டி அது வழுக்கிப் போகையில் சின்ன முட்கள் நறநறவென்று அறுபடுகின்றன. இந்தச் சத்தத்தைக் கேட்டபடிதான் அவர் எத்தனையோ காலைகளில் இங்கே காப்பி குடித்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்ததும் போர்கில்ட் கையை நிறுத்துகிறாள். "அக்காவோடதா? வச்சிரட்டுமா?" வெளியே கடற்காகங்கள் கத்துகின்றன. இங்வால்ட் காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார். "நிறுத்தாத. இன்னும் ஆறு மீன் இருக்கு."